ஜப்பான், கொரியப் பேய்ப்படங்களில் பெண்கள்: பேயைவிட உயிரோடு இருப்பவள்தான் பாவம்

#1 கிணற்றடி

கிழக்காசியப் பேய்ப்படம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது வெள்ளை உடை, முகத்தை மூடிய கூந்தல், தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வெளியே வரும் கை. 'ரிங்' படத்துப் பேய் சடாகோவைப் பற்றி இந்தக் களத்தில் ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. அவளைத் துரத்திக்கொண்டு போகிற ரெய்கோவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதற்குத்தான் இந்த இழை.

'ரிங்' (1998) படத்தின் கதாநாயகி ரெய்கோ. கோஜி சுசூகி 1991இல் வெளியிட்ட மூல நாவலில் அந்தப் பாத்திரம் ஆண்: அசகாவா என்ற பத்திரிகையாளன், வீட்டில் மனைவி, கைக்குழந்தை. இயக்குநர் ஹிடியோ நகாதாவும் திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகஹாஷியும் அவனைப் பெண்ணாக்கி, கையோடு விவாகரத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். நாவலில் துணைக்கு வரும் நண்பன் ர்யூஜி, படத்தில் முன்னாள் கணவன். நாவலைப் படிக்கும்போது ஒருவன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடுகிறான், அவ்வளவுதான். படத்தில் அவள் ஓடும்போது கூடவே இன்னொரு கேள்வியும் ஓடி வருகிறது: வேலைக்குப் போகிற, தனியாக இருக்கிற இவளால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா? யாரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. மகன் யோய்ச்சியின் முகம் கேட்கிறது. அம்மா வர நேரமாகும் என்று தெரிந்து, சத்தம் போடாமல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற பையன்.

அதே நகாதா எடுத்த 'டார்க் வாட்டர்' (2002) அந்தக் கேள்வியை நேராகவே கேட்டுவிடுகிறது. யோஷிமிக்கு விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது. மகள் இகுகோ மழலையர் பள்ளிக்குப் போகிறாள். பிள்ளை யாருக்கு என்ற பேச்சுவார்த்தையில் யோஷிமி முன்பு ஒருமுறை மனநலச் சிகிச்சை எடுத்துக்கொண்டது வெளியே இழுக்கப்படுகிறது. கொடூரமான நாவல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலையில் இருந்தவள் அவள். வேலையினால் வந்த நோய், இப்போது தாயாக இருக்கத் தகுதியில்லை என்பதற்குச் சாட்சி. ஜப்பானில் அன்றைய சட்டப்படி விவாகரத்துக்குப் பிறகு பிள்ளையின் பொறுப்பு அப்பா அம்மா இருவரில் ஒருவருக்குத்தான். இருவரும் சேர்ந்து வைத்துக்கொள்ள வழிசெய்யும் திருத்தத்தை 2024இல்தான் நிறைவேற்றினார்கள். அதனால் அவளுக்கு இது முழுசாகக் கிடைப்பது அல்லது முழுசாகப் போவது என்ற கணக்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கூரையைப் பாருங்கள். படுக்கைக்கு நேர் மேலே ஒரு ஈரக் கறை. நாளுக்கு நாள் பெரிதாகிறது. அடுக்ககத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் போய்ச் சொல்கிறாள். அவர் காதில் போட்டுக்கொள்வதாகவே இல்லை. ரொம்பவும் சத்தம் போட்டால் 'பதற்றக்காரி' என்று பெயர் வரும், அது பிள்ளை யாருக்கு என்ற பேச்சுவார்த்தையில் போய் எதிரொலிக்கும். ஆகவே பாத்திரம் வைத்துச் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கிறாள். பேய் இன்னும் சரியாக வரவே இல்லை, எனக்கு அதற்குள் வயிறு கலங்கிவிட்டது.

இந்தப் படங்கள் அவள் பக்கம் நிற்கின்றன என்பது என் கட்சி. உங்கள் கட்சி என்ன?

#2 நள்ளிரவுக்காட்சி

நல்ல இழை, ஆனால் கட்சி தப்பு.

'ரிங்' படத்தில், பார்த்தவரை ஒரு வாரத்தில் கொல்லும் அந்தச் சாப வீடியோவை யோய்ச்சி எப்போது பார்க்கிறான்? தாத்தா வீட்டில், இரவில், அம்மா தூங்கும்போது. கேசட்டை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? 'டார்க் வாட்டர்' யோஷிமி என்ன செய்கிறாள்? வேலை நேர்காணலில் நேரமாகிவிட, மகளை அழைத்துவரத் தாமதமாக ஓடுகிறாள். வேலைக்குப் போனாயா, பிள்ளைக்குக் கேடு. இரண்டு படமும் திரும்பத் திரும்ப இதையே சொல்கின்றன.

அப்புறம் அந்த முடிவு. தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப் பேயாக வரும் சிறுமி மிட்சுகோவுக்குத் தாயாக யோஷிமி போய்விடுகிறாள், தன் மகளைக் காப்பாற்றுவதற்காக. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல தாய் என்றால் செத்த தாய்தான் என்று படம் தீர்ப்பு எழுதிவிட்டதே! அப்பாவைக் கவனித்தீர்களா? கடைசியில் இகுகோ அவர் பொறுப்பில்தான் வளர்கிறாள். வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல்.

#3 ரீவைண்ட்

ஷட்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதிலும் பெண்ணுக்குத்தானே அநியாயம் நடக்கிறது. தமிழில்கூட 'சிவி' என்று வந்தது.

#4 நெறியாளர்

ரீவைண்ட், அது தாய்லாந்துப் படம். தென்கிழக்காசியாவுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போடுங்கள். 'நாங் நாக்' என்ற தாய்லாந்துப் பேய்ப்படம் பற்றிய சண்டையும் அங்கேதான் நடக்கிறது.

#5 செந்நீலம்

இரண்டு பேரும் 1998இலிருந்து தொடங்குகிறீர்கள். நான் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செத்தவர் ஆவியாக வந்து பழிவாங்குவார் என்ற அச்சம் ஜப்பானில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் ஹெயன் காலத்தில் (794–1185) தலைநகரமே நடுங்கிய பெயர்களைப் பாருங்கள், பெரிய இடத்து ஆண்கள். சுகவாரா நோ மிச்சிசானே அரண்மனைச் சூழ்ச்சியில் பதவி பறிபோய், தொலைதூர ஊருக்கு அனுப்பப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். பிறகு 930இல் அரண்மனையில் இடி விழுந்தபோது அது அவர் கோபம்தான் என்றார்கள். கோயில் கட்டினார்கள், கும்பிட்டார்கள். இன்றைக்கும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். ஆணின் ஆவி கோபப்பட்டால் அது அரசியல். நாட்டுக்கே பதில் சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது.

பெண் ஆவிகள் பழைய இலக்கியத்திலும் உண்டு. ஆனால் அவர்கள் கடைத்தெருவரைக்கும் வந்தது எடோ காலத்துக் (1603–1868) கபுகி நாடக மேடையில்தான். 1825இல் த்சுருயா நன்போகு எழுதிய 'யோட்சுயா காய்தான்' நாடகத்தின் ஓய்வாதான் இன்று நாம் பார்க்கிற கூந்தல் பேய்களுக்கெல்லாம் பாட்டி. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வாவின் கணவன் இயெமோன், எஜமானை இழந்த சாமுராய். கையில் காசு இல்லை. பக்கத்து வீட்டுப் பணக்காரரின் பேத்திக்கு அவன்மேல் ஆசை. பிரசவித்துப் படுத்திருக்கும் ஓய்வாவுக்கு அந்த வீட்டிலிருந்து மருந்து வருகிறது. உண்மையில் அது முகத்தைச் சிதைக்கிற விஷம். அவள் நன்றி சொல்லி, கடைசித் துகள்வரை வீணாக்காமல் குடிக்கிறாள்.

விஷயம் தெரிந்ததும் அவள் என்ன செய்கிறாள் என்பதில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு நேரில் போய் 'நன்றி' சொல்லிவிட்டு வரப்போகிறேன் என்று கிளம்பத் தயாராகிறாள். மணமான பெண் வெளியே போக எப்படிப் போவாளோ அப்படி. பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசுகிறாள். கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாருகிறாள். சீப்போடு முடி கொத்தாக வருகிறது. மறுபடி வாருகிறாள், மறுபடி ஒரு கொத்து. மேடையில் இதை அவசரப்படாமல், நீளமாக, கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்படி நடிப்பார்கள். அப்போது அவள் பேய் இல்லை. சாகவே இல்லை இன்னும். கௌரவமாக ஒரு வீட்டுப் படியேறி நியாயம் கேட்கப் போகிற பெண், அவ்வளவுதான்.

ஆக, கிணற்றடி சொல்வதில் பாதி எனக்குச் சரி என்றே படுகிறது. பயம் எப்போதும் உயிரோடு இருப்பவளிடம்தான் தொடங்குகிறது. அதே சமயம், அந்த ஓய்வாவை எழுதியதும் ஆண், மேடையில் பெண் வேடம் கட்டி நடித்ததும் ஆண். 'ரிங்' படத்தில் சடாகோவாக நடித்தவர் ரியே இனோ என்ற நடிகை. அவரைப் பின்பக்கமாக நடக்கவைத்து எடுத்து, பிலிமைத் தலைகீழாக ஓட்டித்தான் அந்த விசித்திர நடையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் கூந்தலுக்கு நடுவே நம்மைப் பார்க்கிற அந்த ஒற்றைக் கண் அவருடையது இல்லை, படக்குழுவில் இருந்த ஓர் ஆணுடையது. நள்ளிரவுக்காட்சி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று பார்க்க ஆசை.

#6 நள்ளிரவுக்காட்சி

என்ன செய்வேன், சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவைப்பேன். என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா.

#7 மெழுகுவர்த்தி

இங்கே புதியவள். ஒரு சந்தேகம்: எல்லாப் பேயும் ஏன் வெள்ளையில், தலைவிரி கோலத்தில்?

#8 செந்நீலம்

பிணத்துக்கு உடுத்துகிற உடை வெள்ளை, அதனால். எடோ காலத்தில் பெண்கள் தலையை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் வெளியே வருவார்கள், அவிழ்ந்த கூந்தல் என்றால் படுக்கையறை, நோய், சாவு. கொரியாவிலும் துக்கத்துக்கு வெள்ளைதான். ஹாங்காங் பக்கம் போனால் நிறமே மாறிவிடும், சிவப்பு உடுத்திச் செத்தவளுக்குத்தான் அங்கே பயப்படுவார்கள்.

#9 தபால்காரன்

சடாகோவின் அம்மா ஷிசுகோவை இங்கே எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு பெண் இருக்கிறாள். சிசுகோ மிஃபுனே, குமமோட்டோ பக்கத்தைச் சேர்ந்தவள், 1886இல் பிறந்தவள். மூடிய பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க முடிகிறது என்று பேர் பரவ, தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் தோமோகிச்சி ஃபுகுராய் அவளைச் சோதனை செய்தார். 1910இல் பேராசிரியர்கள் கூடியிருந்த இடத்தில் நடந்த சோதனை சர்ச்சையில் முடிந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. 1911 ஜனவரியில் விஷம் குடித்து இறந்துபோனாள். வயது 24.

சக்தி இருந்ததா, மோசடியா என்ற பேச்சை விடுங்கள். நான்கு பக்கமும் படித்த ஆண்கள், நடுவில் ஒரு கிராமத்துப் பெண், 'நிரூபி' என்று ஒரு கட்டளை. படத்தில் ஷிசுகோவின் மேடைக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். பத்திரிகைக்காரர்கள் எழுந்து 'ஏமாற்று வேலை' என்று கத்தும்போது கேமரா அவள் முகத்தில்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

#10 பனித்துளி

கொரியாவுக்கு வாருங்கள். 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (2003), இயக்கம் கிம் ஜி-வூன். இனிமேல் கதை முழுசும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

மூலம் சோசோன் அரச வம்சக் காலத்து (1392–1910) நாட்டார் கதை, ஜாங்ஹ்வா, ஹோங்ர்யோன் என்ற அக்கா தங்கை. சித்தி தோலுரித்த எலியை அக்காவின் படுக்கையில் ஒளித்துவைத்து, 'இவள் கருவைக் கலைத்துவிட்டாள்' என்று அப்பாவிடம் காட்டுகிறாள். அப்பா நம்பிவிடுகிறார். பெண்ணைக் குளத்துக்கு அனுப்புகிறார்கள், தங்கையும் பின்னாலேயே போய் விழுகிறாள். இருவரும் ஆவியாகி ஊருக்கு வரும் ஒவ்வொரு புது நீதிபதியிடமும் முறையிடப் போகிறார்கள், அவரோ பார்த்த பயத்திலேயே செத்துப்போகிறார். கடைசியில் நெஞ்சுரம் உள்ள ஒருவர் வந்து, கேட்டு, விசாரித்து, சித்திக்கு மரண தண்டனை. அப்பாவுக்கு? மன்னிப்பு. பல வடிவங்களில் அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறார், செத்த பெண்கள் அவருக்கே இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள்! எலியை வைத்துத் தீர்ப்புச் சொன்ன மனுஷனுக்கு இதைவிட நல்ல முடிவு யாராலும் எழுத முடியாது. பெண்ணுக்கு வாய் கிடைப்பது செத்த பிறகு, அதுவும் கேட்பதற்கு ஓர் அதிகாரி தைரியமாக உட்கார்ந்தால்தான்.

படம் இந்தக் கதையை எப்படித் திருப்பிப் போடுகிறது என்றால், சித்தியின் கொடுமை என்று நாம் முக்கால் படம் பார்த்ததெல்லாம் சு-மியின் மனதுக்குள் நடக்கிறது. தங்கை சு-யோன் ஏற்கெனவே செத்துவிட்டாள். சித்தி உன்-ஜூவாகவும் சு-மியே மாறி மாறி நடந்துகொள்கிறாள். வீட்டில் உண்மையில் இருப்பது அவளும் அப்பாவும் மட்டும். அவர் மாத்திரை கொடுக்கிறார், தொலைபேசியில் யாரிடமோ தணிந்த குரலில் பேசுகிறார், சோபாவில் படுக்கிறார். நோயாளி மனைவியைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணோடு உறவு வைத்து வீட்டை உடைத்தது இவர்தான். ஆனால் சு-மியின் பைத்தியத்தில்கூட இவருக்கு வில்லன் வேடம் இல்லை. வெறுக்கிற வேலை முழுவதையும் அவள் இன்னொரு பெண்ணுக்கே கொடுத்திருக்கிறாள். இதை நான் படத்தின் குறை என்று நினைக்கவில்லை, படம் கண்டுபிடித்துச் சொல்கிற விஷயமே இதுதான்.

அலமாரிக் காட்சி. அம்மா அதற்குள் தூக்கு மாட்டிக்கொண்டிருக்கிறாள், சு-யோன் இழுக்க அலமாரி அவள்மேலேயே சரிகிறது. சத்தம் கேட்டு உன்-ஜூ வந்து பார்க்கிறாள், பார்த்துவிட்டுப் போகிறாள். வெளியே சு-மியைப் பார்த்ததும் நின்று ஏதோ சொல்ல வருகிறாள். சு-மி வார்த்தையால் வெட்டிவிட்டு நடக்கிறாள். இந்த நிமிஷத்துக்காகப் பின்னால் வருந்துவாய் என்கிறாள் உன்-ஜூ. இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு வாக்கியம் சரியாகப் பேசியிருந்தால் ஒரு குழந்தை பிழைத்திருக்கும். அப்பா வழக்கம்போல் அந்த இடத்தில் இல்லை.

படம் வந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரியாவில் குடும்பத் தலைவர் என்றால் ஆண்தான் என்று பதிவேட்டிலேயே எழுதிவைத்த சட்டம் அப்போது அமலில் இருந்தது. 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2008இல்தான் ஒழிந்தது. அதற்குள் சட்டத்தைப் பற்றி மூச்சு விடாமல் ஒரு பேய்ப்படம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைக் காட்டிவிட்டது.

#11 ரீவைண்ட்

பனித்துளி அக்கா, எச்சரிக்கை போட்டீர்கள் சரி, ஆனால் என் கண் தானாகக் கீழே இறங்கிவிட்டது. இந்த வாரம் பார்க்கலாம் என்று இருந்தேன்.

#12 பனித்துளி

பாருங்கள் தம்பி. தெரிந்துகொண்டு பார்த்தால் சாப்பாட்டு மேசைக் காட்சி இன்னும் மோசமாக இருக்கும்.

#13 கோடம்பாக்கத்தான்

எல்லாம் சரி, 'ஜூ-ஒன்' கயாகோவுக்கு என்ன நியாயம் சொல்வீர்கள்? அந்த வீட்டுக்குள் கால் வைத்தவர்களையெல்லாம் கொல்கிறாள். உதவி செய்ய வந்த சமூகசேவைப் பெண்கூடத் தப்பவில்லை. இதில் பெண் பக்கம் என்ன இருக்கிறது?

#14 கிணற்றடி

கோடம்பாக்கத்தாரே, நல்ல கேள்வி. கயாகோவை யார் கொன்றது? கணவன் தகேயோ. காரணம், அவள் நாட்குறிப்பில் இன்னொருவன்மேல் இருந்த ஒருதலை ஆசையை எழுதியிருந்தாள். எழுதியதற்குக் கழுத்து முறிந்தது. அவள் தொண்டையிலிருந்து வரும் அந்த 'க்ர்ர்ர்' சத்தம் இருக்கிறதே, படம் பார்த்த யாராலும் மறக்க முடியாதது, அது பயமுறுத்துவதற்கென்று போட்ட சத்தம் இல்லை, பேச முடியாதவளின் சத்தம். மனைவியை அடிப்பதைத் தடுக்க ஜப்பானில் தனிச்சட்டம் வந்தது 2001இல். 'ஜூ-ஒன்' முதலில் வீடியோப் படமாக வந்தது 2000இல். தகாஷி ஷிமிசு சட்டத்தை நினைத்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் 'அது அவர்கள் குடும்ப விஷயம்' என்று ஜன்னலை மூடுகிற காலம் அது என்பதற்குச் சொல்கிறேன்.

2002 திரைப்படத்தின் முடிவைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அந்தச் சேவைப் பெண் ரிகா, விரல்களுக்கு நடுவே கண்ணாடியைப் பார்க்கிறாள். அங்கே தெரிவது கயாகோ. பயமுறுத்துகிற முகம் இல்லை, கெஞ்சுகிற முகம். அதற்குப் பிறகு மாடிப்படியில் இறங்கி வருகிறவன் தகேயோ. படம் முழுவதும் கயாகோவுக்குப் பயந்துவிட்டுக் கடைசி நிமிடத்தில்தான் அந்த வீட்டில் யாருக்குப் பயந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது.

#15 நள்ளிரவுக்காட்சி

தெரிகிறது, ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் பேசியது யாரைப் பற்றி? பொம்மை, முகமூடி, சாவிக்கொத்து என்று விற்றது யார் முகம்? தகேயோவின் பெயர் இந்த இழையிலேயே எத்தனை பேருக்கு நினைவிருந்தது? கொன்றவன் மறந்துபோகிறான், செத்தவள் முத்திரையாகிவிடுகிறாள். இயக்குநரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

#16 கோடம்பாக்கத்தான்

அப்படியானால் 'ஆடிஷன்' (1999) பற்றி? மனைவியை இழந்த ஒரு சாதுவான மனிதன். மறுமணம் செய்துகொள்ள ஆசைப்பட்டதற்கு அவனுக்கு என்ன கதி! ஆண்கள்மேல் வன்மத்தோடு எடுத்த படம் என்றுதான் சொல்வேன்.

#17 தபால்காரன்

சாதுவான மனிதன் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள் சார். இல்லாத சினிமாவுக்கு நடிகை தேடுவதாகப் பொய் விளம்பரம் கொடுத்து, வேலைக்காக வந்த பெண்களை வரிசையாக உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் மனைவி பொறுக்குகிறார். தயாரிப்பாளர் நண்பர் கேட்கிற கேள்விகள் எல்லாம் சிரிப்புக் காட்சிபோல் போகும். அந்த நேரத்தில் நாமும் சிரித்துத் தொலைக்கிறோம். தகாஷி மீக்கே முதல் பாதியைக் குடும்பப் படம்போல் எடுத்ததே அதற்குத்தான்.

அப்புறம் அந்தத் தொலைபேசிக் காட்சி. அவோயாமா இப்போதே கூப்பிட்டால் அவசரமாகத் தெரியுமோ என்று தன் வீட்டில் தயங்கிக்கொண்டிருக்கிறார். அசாமி தன் அறையில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், முடி முன்னால் விழுந்து கிடக்கிறது. எதிரே தொலைபேசி. பின்னால் கட்டிவைத்த ஒரு சாக்கு. மணி அடிக்கிறது. அவள் உடனே எடுப்பதில்லை, மெல்லச் சிரிக்கிறாள். சாக்கு திடீரென்று புரள்கிறது. அவர் கற்பனையில் அடக்கமாகக் காத்திருக்கிற பெண்ணை அவர் கேட்டபடியே படம் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது.

#18 நள்ளிரவுக்காட்சி

இதில் தபால்காரனோடு பாதிதான். அசாமிக்குச் சிறுவயதில் நடந்த கொடுமையைக் காட்டி, அதனால்தான் இவள் இப்படி என்று படம் முடிச்சுப் போடுகிறது. சூடு வாங்கிய குழந்தை வளர்ந்தால் ஊசி எடுத்துக்கொண்டு வரும் என்பது நிஜத்தில் அப்படி ஒரு கொடுமையைத் தாண்டி வந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம். பெண் பாதிக்கப்பட்டவளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அரக்கியாக இருக்க வேண்டும், சமத்து என்றால் இரண்டுமாக இருக்க வேண்டும். நாலாவதாக ஒரு வேலை கொடுங்களேன்.

#19 சம்பங்கி

நாலாவது வேலை ஹாங்காங்கில் இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

'எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி' (1987), ஜோயி வாங் நடித்தது. பூ சோங்லிங்கின் பழைய பேய்க்கதைத் தொகுப்பிலிருந்து எடுத்த கதை. அந்தப் பேய்ப்பெண் ஆண்களை மயக்கி அழைத்து வருகிறாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏன் அழைத்து வருகிறாள்? அவளுடைய அஸ்திக் கலசம் மரப்பிசாசின் பிடியில் இருக்கிறது. கலசம் திரும்பக் கிடைக்கும்வரை சொன்ன வேலையைச் செய்தாக வேண்டும். அடுத்து அவளை இன்னொரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுக்கவும் நாள் குறித்தாயிற்று. இது கொத்தடிமைத்தனம், செத்த பிறகும் தொடர்கிறது.

'ரூஜ்' (1988), ஸ்டான்லி குவான் இயக்கியது. பயமுறுத்துகிற படம் இல்லை, ஆனாலும் நாயகி பேய். 1930களில் காதலனோடு சேர்ந்து அபின் விழுங்கிச் செத்த தாசி, அரை நூற்றாண்டு மேலுலகில் காத்திருந்து, அவன் வராததால் தேடி வந்து பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறாள். அனிதா முய் ஒரு ட்ராமில் சும்மா நின்றாலே போதும். அவன் சாகவே இல்லை. சினிமாவில் துணை நடிகனாகக் கிழவனாகி ஸ்டூடியோ மூலையில் கிடக்கிறான். அவள் கழுத்தை நெரிக்கவில்லை. அவன் முன்பு கொடுத்த சாயச் சிமிழைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பழிவாங்காமல் கணக்கை முடித்த பேய் என்றால் எனக்கு இவள்தான். இதன் கதையை எழுதிய லீ பிஹ்வா ஒரு பெண், அதையும் சொல்லிவைக்கிறேன்.

அவரே எழுதிய 'டம்ப்ளிங்ஸ்' (2004) இருக்கிறது, ஃப்ரூட் சான் இயக்கியது. இளமை போன முன்னாள் நடிகை ஒருத்தி, கணவன் கைவிட்டுப் போகாமல் இருக்க, மெய் என்ற பெண் செய்துதரும் கொழுக்கட்டையைத் தின்கிறாள். உள்ளே என்ன பூரணம் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் எழுத மாட்டேன். பேயே கிடையாது. மெல்லும் சத்தம் மட்டும்.

#20 மெழுகுவர்த்தி

இவ்வளவு பேரில் இயக்குநர் ஒரு பெண்கூட இல்லையா?

#21 சம்பங்கி

ஹாங்காங்கில் ஆன் ஹுய் முதல் படமாக எடுத்ததே 'தி சீக்ரெட்' (1979), உண்மையில் நடந்த இரட்டைக் கொலையை வைத்து. ஜப்பானில் மாரி அசாட்டோ 2009இல் 'ஜூ-ஒன்' வரிசையில் ஒரு படம் எடுத்தார்.

#22 பனித்துளி

கொரியாவில் லீ சூ-யோன். 'டூ சிஸ்டர்ஸ்' வந்த அதே 2003இல் அவர் எடுத்த படம் ஒன்று உண்டு. ஒருவன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செத்த இரண்டு பெண் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். அவனைப்போலவே அதைப் பார்க்க முடிகிற ஒருத்தியாக ஜுன் ஜி-ஹ்யுன். அவள் கைக்குழந்தையை அவளுடைய தோழி மாடியிலிருந்து வீசிவிட்டாள், அவள் சொல்வதை நீதிமன்றத்திலிருந்து வீடுவரை யாரும் நம்பவில்லை. கூந்தலும் இல்லை, கிணறும் இல்லை. பெண் எடுத்தால் அச்சம் வேறு இடத்தில் உட்காரும் என்பதற்கு ஒரு சாட்சி. கூட்டம்தான் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

#23 கிணற்றடி

நள்ளிரவுக்காட்சியின் #2க்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன்.

'டார்க் வாட்டர்' முடிவில் அப்பா நனையாமல் போகிறார் என்பது உண்மை. ஆனால் 'ரிங்' முடிவு அப்படி இல்லை. கிணற்றுக்குள் இறங்கி, சடாகோவின் மண்டையோட்டைக் கையில் எடுத்துத் தடவி அணைத்துக்கொள்கிறாள் ரெய்கோ. ஒரு தாய் செய்வதுபோல. வழக்கமான கதை என்றால் இதோடு ஆவி அமைதியாகிவிடும், தாய்மை ஜெயித்துவிடும். இங்கே ஜெயிக்கவில்லை. மறுநாள் ர்யூஜி சாகிறான். தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்று யோசித்து, வீடியோவை நகலெடுத்து அடுத்தவருக்குக் காட்டியவர்தான் பிழைப்பார் என்று கண்டுபிடிக்கிறாள். யோய்ச்சி பிழைக்க வேண்டும் என்றால் இன்னொருவர் பார்த்தாக வேண்டும். வீடியோ பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு, தன் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, பேரனுக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும் என்கிறாள்.

அதாவது பெற்ற அப்பாவைக் கொடுக்கப் போகிறாள். அழுகை இல்லை, தயக்கம் இல்லை, சாலையும் கறுத்த வானமும்தான். நாவலிலும் இப்படித்தான், ஆனால் அங்கே ஆண் தன் மனைவியின் பெற்றோரை நோக்கி ஓட்டுகிறான். மாமனார் மாமியாரைக் கொடுப்பதும் சொந்த அப்பாவைக் கொடுப்பதும் ஒன்றா? தியாகத் தாய் என்ற சட்டையில் இவளைத் திணிக்க முடியாது. நீங்கள் கேட்ட நாலாவது வேலை இதுதான்.

#24 நள்ளிரவுக்காட்சி

இதை ஏற்றுக்கொள்கிறேன். ரெய்கோவுக்கு மட்டும். யோஷிமிக்கு இல்லை.

தைவான் படம் 'இன்காண்டேஷன்' (2022) பார்த்திருக்கிறீர்களா? அதிலும் மனநலச் சிகிச்சை எடுத்த அம்மா, வளர்ப்பு இல்லத்திலிருந்து மகளை மீட்டு வருகிறாள், இவளுக்குத் தகுதி உண்டா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யோஷிமி வழக்கு அப்படியே. ஆனால் இவள் தன்னைக் கொடுக்கவில்லை. கேமராவைப் பார்த்து, என் மகளுக்காக இந்த மந்திரத்தைச் சொல்லுங்கள், இந்தச் சின்னத்தை மனதில் வையுங்கள் என்று நம்மிடம் கெஞ்சுகிறாள். கடைசியில்தான் தெரியும், அது ஆசி இல்லை, சாபத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கிற வழி. ரெய்கோ தன் அப்பாவிடம் கேட்டதை இவள் பார்க்கிறவர்களிடமே கேட்டுவிட்டாள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது, தூக்கம் போனது வேறு விஷயம்.

ஆனால் அப்பாக்கள் எங்கே என்ற என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. பிள்ளைக்காக ஓர் அப்பா உருகி அலைகிற கிழக்காசியப் பேய்ப்படம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். 'ட்ரெயின் டு புசான்' என்று யாராவது எழுதினால் கோபம் வரும், ஜாம்பி கணக்கில் இல்லை.

#25 ரீவைண்ட்

எழுத விரல் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

#26 பனித்துளி

'தி வெயிலிங்' (2016), நா ஹோங்-ஜின். மகளுக்குப் பேய் பிடித்துவிட்டது, காவல்துறையில் வேலை பார்க்கும் அப்பா ஜோங்-கு பைத்தியம்போல் ஓடுகிறான். மறுபடியும் எச்சரிக்கை, முடிவைச் சொல்லப்போகிறேன்.

ஊரில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் திரிகிறாள். பெயர் தெரியாது. கடைசி இரவில் அவனை வழிமறித்து, சேவல் மூன்று முறை கூவும்வரை வீட்டுக்குள் போகாதே என்கிறாள். அதே நேரத்தில் பூசாரி தொலைபேசியில் கூப்பிட்டு அவள்தான் பிசாசு என்கிறான். அப்பா யாரை நம்புவான்? செத்தவர்களின் பொருள்கள் அவளிடம் இருப்பதைப் பார்க்கிறான், மகளின் கொண்டை ஊசி உட்பட. மூன்றாவது கூவலுக்குக் காத்திருக்காமல் கையை உதறிவிட்டுப் போகிறான். வீட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் காப்பாற்ற வந்தவள் என்றே நான் படிக்கிறேன், வேறு மாதிரிப் படிக்கிறவர்களும் உண்டு. அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. இருட்டில் வெள்ளை உடுத்தி ஒரு பெண் நின்றால் என்ன நினைக்க வேண்டும் என்று இத்தனை படங்கள் நமக்கும் அவனுக்கும் சேர்த்தே பாடம் எடுத்திருக்கின்றன. இயக்குநர் அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அவளை அங்கே நிற்கவைத்திருக்கிறார்.

#27 நள்ளிரவுக்காட்சி

ஒரு அப்பாவைக் கேட்டேன், கிடைத்தார். அவரும் பெண் சொன்னதை நம்பவில்லை. இழை தொடரட்டும், இன்றிரவு மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு நாளைக்குச் சண்டைக்கு வருகிறேன்.